ஏப்ரலில் ஊருக்குப் போகிறீர்களா? வெயிலை இடம் பார்த்துப் போங்கள்

பிள்ளைகளின் ஈஸ்டர் விடுமுறைக்கு இலங்கைக்கோ தமிழ்நாட்டுக்கோ ஊருக்குப் போக ரிக்கெற் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லண்டனிலும் பாரிசிலும் அந்த நேரம் ஜாக்கெட்டைக் கழற்றலாமா என்று யோசிக்கிற காலம். ரொறன்ரோவில் இரவில் இன்னும் பூச்சியத்துக்குக் கிட்டப் போகும். தமிழிலும் சித்திரையும் வைகாசியும் இளவேனில்தான். பெயரைப் பார்த்து அங்கேயும் இதமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 10 பாகையில் பிளேன் ஏறி 33 பாகையில் இறங்குகிறோம். உடம்பு அதற்குப் பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். நம்மில் பலருக்கு மொத்த விடுமுறையே அவ்வளவுதான்.

ஏப்ரல் ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் திட்டம் போடுவது சுலபம். வடக்கு நோக்கி வரும் சூரியன் ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே நிற்கும். சித்திரைப் புத்தாண்டையொட்டி யாழ்ப்பாணத்துக்கு மேலே வரும், 25ஆம் திகதியளவில் சென்னைக்குப் போய்விடும். அந்த நாட்களில் மத்தியானம் முற்றத்தில் நின்றால் உங்கள் நிழல் காலடிக்குள்ளேயே கிடக்கும். இன்னொரு காரணம் காற்று. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இன்னும் தொடங்கியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இந்த நாட்களில்தான் புழுக்கம் அதிகம்.

யாழ்ப்பாணத்தில் பகலில் 33, 34 பாகை என்று காட்டும். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் கடல் சூழ்ந்த மண் என்பதால் ஈரப்பதன் கூட, வியர்வை காயாது. இரவிலும் சூடு பெரிதாக இறங்காது. பகல் வெயிலை விட இந்த இரவுதான் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் களைக்க வைக்கிறது. தங்குகிற வீட்டைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஓட்டு வீடு பின்னேரம் சூடு ஆறிவிடும். மேலே சீமெந்துத் தட்டுப் போட்ட வீடு பகல் முழுக்க வாங்கிய சூட்டை நடுச்சாமம் வரை அறைக்குள் இறக்கும். மாடி அறை ஏசியோடு இருந்தால் சரி. இல்லையென்றால் கீழ் அறையையே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

குளிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் தோலைச் சுடும். அதே நேரத்தில் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றிப் பாருங்கள், பத்தடி இறங்கிய தண்ணீரின் குளிர்ச்சி தலையிலிருந்து முதுகு வரை போகும். என் பிள்ளைகள் முதல் தடவை வந்தபோது கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டு அழுதார்கள். களிம்பு எதுவும் பெரிதாக உதவவில்லை. காலையும் மாலையும் கிணற்றடிக் குளிப்பும் மெல்லிய பருத்திச் சட்டையும்தான் நாலு நாளில் ஆற்றின.

கோயிலுக்கு விடிகாலையில் போய்விடுங்கள். நல்லூர் முருகனைப் பார்க்க ஒருமுறை பதினொரு மணிக்குப் போனோம். வீதியில் வெறுங்காலோடு இறங்கிய சின்னவள் இரண்டு அடி வைத்துவிட்டு என் மேல் ஏறிக்கொண்டாள். உள்ளங்காலில் சிவப்பாகத் தடம் தெரிந்தது. மணலும் கல்லும் அவ்வளவு சூடு. ஊர்ப் பிள்ளைகளின் கால் பழகியிருக்கும், நம் பிள்ளைகளின் கால் எப்போதும் சப்பாத்துக்குள் இருப்பது.

நயினாதீவு, நெடுந்தீவு போக நினைப்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல் நல்ல நேரம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் போகும்போது கடல் குளம் போலக் கிடக்கும். சோளகம் எழும்பிய பிறகு அதே பயணத்தில் வயிற்றைப் பிரட்டும். நெடுந்தீவில் நிழலும் நல்ல தண்ணீரும் குறைவு, குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

கிழக்கில் வெயில் இதே அளவுதான், ஆனால் நிலாவெளியும் பாசிக்குடாவும் ஏப்ரலிலிருந்து குளிக்க ஏற்றபடி அமைதியாகும். தெற்குக் கரை அப்படியல்ல. மே மாதம் அங்கே கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். மட்டக்களப்புக்கு மே மாதத்துக்குப் பிறகு போகிறவர்கள் கச்சான் காற்றுக்குத் தயாராக இருங்கள். மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்றில் உதடு வெடிக்கும்.

கொழும்பும் மேற்குப் பக்கமும் வேறு மாதிரி. காலையில் பளீரென்று வெயில் எறிக்கும், இரண்டு மணிக்குப் பிறகு வானம் கறுத்து இடியோடு கொட்டும். ஏப்ரல் இலங்கையில் மின்னல் மோசமான மாதம், இதை இலேசாக எடுக்க வேண்டாம். இடி கேட்டால் கடலில், வயல்வெளியில், தனி மரத்தடியில் நிற்கக் கூடாது. வெளிவேலைகளை மத்தியானத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழை விட்ட பிறகு நுளம்பு பெருகும். டெங்கு பகலில் கடிக்கும் நுளம்பால் வருவது, பிள்ளைகளுக்குப் பகலிலும் மருந்து பூசுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். பகலில் 20, 21 பாகை, இரவில் ஸ்வெற்றர் வேண்டும். ஐரோப்பாவின் இளவேனிலை ஊரில் தேடினால் அது இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் அங்கே 'சீசன்', புத்தாண்டுக் கிழமையில் அறையும் கிடைக்காது, வாகனமும் நகராது. அந்தக் கிழமையை விட்டுவிட்டுப் போங்கள்.

கொழும்பில் இறங்கியதும் முதலில் மலைக்குப் போய்க் குளிர்ந்துவிட்டு யாழ்ப்பாணம் போகலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையில் கழிக்கும் நாலு நாளும் உடம்பு வெயிலுக்குப் பழகாது, கீழே இறங்கியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஊர். முதல் மூன்று நாள் எங்கும் ஓடாமல் வீட்டில், மாமரத்தடியில். மலையைக் கடைசிக்கு வையுங்கள், பிளேன் ஏறப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கும் போகிறவர்கள் அங்கே வெயில் இன்னும் ஒரு படி மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மத்தியானக் கடற்காற்று நேரத்துக்கு வந்துவிட்டால் தப்பினோம். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று தள்ளி அது பிந்துகிற நாளில்தான் 40 பாகை தாண்டும். 2003 மே 31 அன்று 45 பாகை பதிவானது. மதுரை, திருச்சி, வேலூர் எல்லாம் உள்நாடு, ஏப்ரலிலேயே 38, 40 பாகைக்குப் போகும். வெயில் உச்சமாகும் கத்திரி வெயில் காலம் மே 4ஆம் திகதியளவில் தொடங்கி 28 வரை. கோயில் பார்ப்பது உங்கள் நோக்கமென்றால் பெரும்பாலான கோயில்கள் மத்தியானம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும், ஆகவே அந்த நேரத்தைத் தூக்கத்துக்கு விடுங்கள். மதுரையில் அழகர் வைகையில் இறங்குவது சித்திரா பௌர்ணமியன்று. முதியவர்களோடு அந்தக் கூட்டத்துக்குள் போக வேண்டாம். குற்றால அருவியில் தண்ணீர் கொட்டும் சாரல் காலம் ஜூனில்தான், ஏப்ரலில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கேட்கத் தொடங்கினார்கள். போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தில் கவனம். இன்சுலினைச் சூட்கேசிலோ வெயிலில் நிற்கும் வாகனத்திலோ விடக் கூடாது. பாவனையில் உள்ளதும் 30 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பதால் குளிர்ப்பை ஒன்று கட்டாயம். இரத்த அழுத்தத்துக்குத் தண்ணீர் போக வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெளிக்கிட முன் வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளைகள் சோர்ந்து போனால் ஃபார்மசியில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பக்கெற் கேட்டு வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அளவறியாமல் குடிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்து மாம்பழமான கறுத்தக்கொழும்பான் ஏப்ரலில் பெரும்பாலும் காயாகத்தான் தொங்கும், அது பழுத்து வர வைகாசி, ஆனியாகும். அதற்குப் பதிலாக வேப்பம்பூ உண்டு. பெரியம்மா விடிய முற்றத்தில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, சுளகில் புடைத்து, உழுந்தோடும் செத்தல் மிளகாயோடும் பிசைந்து வடகம் தட்டிப் பாயில் பரப்புவார். நாம் நிழல் தேடி ஓடுகிற அந்த வெயிலில் மூன்று நாளில் அது கலகலவென்று காய்ந்துவிடும். போய் இறங்கிய அன்றே சொல்லி வைத்தால், திரும்பும்போது ஒரு பை கொண்டுவரலாம்.