பிரிட்டன் நேஷனல் லாட்டரி ஆப் மக்கர் செய்தால் என்ன செய்யலாம்

குலுக்கல் நாள், மணி ஏழு தாண்டிவிட்டது, ஏழரைக்கு விற்பனையை மூடிவிடுவார்கள். அவசரமாக ஆப்பில் டிக்கெட் வாங்கினால் பணம் கட்டும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. திரும்ப அமுக்காதீர்கள். லாட்டரியை முன்பு நடத்திய கேம்லாட் நிறுவனத்துக்கு 2022-இல், லாட்டரியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சூதாட்ட ஆணையம் 31.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதற்கான காரணங்களில் ஒன்று, ஆப்பில் ஒரு டிக்கெட் வாங்கிய 22,210 பேர் தலையில் இரண்டு டிக்கெட்டைக் கட்டியது. ஆப்பை மூடிவிட்டு இணையதளத்தில் நுழைந்து உங்கள் கணக்கில் டிக்கெட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கியில் பணம் போனதாகக் காட்டுவது டிக்கெட் ஆகாது. வாராவாரம் தானாக வாங்கும்படி வைத்திருப்பவர்களும் அவ்வப்போது பார்ப்பது நல்லது, ஏனென்றால் 2021-இல் ஒரு கல்லூரி மாணவி வழக்கமாக வைக்கும் எண்கள் 18.2 கோடி பவுண்டு பரிசுக்கு அப்படியே வந்து விழுந்தன, ஆனால் கணக்கில் போதிய பணம் இல்லாததால் அந்த வாரம் டிக்கெட்டே வாங்கப்படவில்லை.

அடுத்தது, திரை சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது. என்னைக் கேட்டால் ரொம்பக் கொஞ்சம்தான். 2015-இல் ஒரு பெண்மணி குலுக்கல் இல்லாமல் அப்போதே முடிவு தெரியும் இணைய உடனடி விளையாட்டில் 10 லட்சம் பவுண்டு விழுந்ததாகத் திரையில் பார்த்து ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்தார். மென்பொருள் பிழை, சர்வர் கணக்குப்படி பரிசு வெறும் 10 பவுண்டு என்றது கேம்லாட். வழக்கு மேல்முறையீடு வரை போய் 2024-இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகாருக்கு உதவும். ஆனால் பணம் கைக்கு வரும் முன்னே வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அதே 2022 அபராதத்தில் இன்னொரு விஷயமும் உண்டு: ஆப்பின் ஸ்கேனர், பரிசு விழுந்த டிக்கெட்டைக் காட்டிய அதிகபட்சம் 20,000 பேரிடம் 'பரிசு இல்லை' என்று சொல்லியிருக்கலாம் என்று ஆணையமே சொன்னது. எனவே ஸ்கேன் செய்தவுடன் டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல், எண்களை அதிகாரபூர்வ முடிவோடு நீங்களே ஒப்பிடுங்கள், சந்தேகம் இருந்தால் கடையில் கொடுத்து இன்னொரு முறை பாருங்கள். லண்டனில் லாட்டரி மெஷின் வைத்திருக்கும் கடைகளில் நம்ம ஆட்கள் கடைகளும் நிறைய, தமிழிலேயே கேட்கலாம். ஆனால் உங்கள் ஆன்லைன் கணக்குச் சிக்கலுக்குக் கடை அண்ணாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவரால் அதற்குள் நுழைய முடியாது.

குலுக்கல் டிக்கெட்டுக்குப் பரிசு கேட்க 180 நாள் உண்டு. பின்பக்கம் பெயர், முகவரி எழுதி வையுங்கள். தொலைந்துபோனால் குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2001-இல் ஒரு தம்பதிக்கு 30 லட்சம் பவுண்டு போனது இதனால்தான்; டிக்கெட் வாங்கியது அவர்கள்தான் என்று கணினிப் பதிவிலேயே தெரிந்தும், 30 நாள் கடந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

சரி, புகார். இப்போது லாட்டரியை நடத்துவது ஆல்வின் நிறுவனம், 2024 பிப்ரவரியிலிருந்து. முதலில், இது கோளாறா அல்லது அறிவித்துவிட்டு நிறுத்தியதா என்று இணையதளத்தில் பாருங்கள். 2025 ஆகஸ்டில் புது அமைப்புக்கு மாறியபோது ஒரு வார இறுதியில் அறிவித்துவிட்டு நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். கோளாறுதான் என்றால் எழுதியே அனுப்புங்கள். போனில் பேசினாலும் பேசியவர் பெயர், புகார் எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே 'இன்ன மணிக்கு இன்னாரிடம் இதைச் சொன்னேன்' என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். விளையாட்டின் பெயர், குலுக்கல் தேதி, வாங்கிய நேரம், தொகை, டிக்கெட் எண், வங்கிப் பதிவு இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருந்தால், 'மேலும் விவரம் தேவை' என்று வாரக்கணக்கில் இழுக்க அவர்களுக்குச் சாக்கு இருக்காது. கோபத்தை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: பணத்தைத் திருப்ப வேண்டுமா, டிக்கெட் பதிவைக் காட்ட வேண்டுமா?

மழுப்பலாகவே பதில் வந்தால், இறுதி முடிவை எழுத்தில் தரும்படியும், அடுத்து எந்த நடுவர் அமைப்புக்குப் போகலாம் என்று சொல்லும்படியும் கேளுங்கள். சூதாட்ட ஆணையம் உங்கள் பணத்தை மீட்டுத் தராது, தனிநபர் தகராறில் அது தலையிடுவதில்லை. இருந்தாலும் அங்கேயும் சொல்லி வையுங்கள், எங்கே கோளாறு என்று ஆணையத்துக்கும் தெரியட்டும்.

அப்புறம், சமூக ஊடகத்தில் புலம்பினால் 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் யாராவது தனிச் செய்தி அனுப்பி அட்டை எண்ணோ முன்பணமோ கேட்கலாம். பரிசு தர லாட்டரி நிறுவனம் கட்டணம் கேட்பதே இல்லை. பதில் போடாமல் ப்ளாக் செய்துவிடுங்கள்.