அடுத்த சில மாதங்களுக்குப் பங்குச் சந்தை எப்படி இருந்தாலும்…

"நிஃப்டி (50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடு) இன்னும் இறங்குமா, இப்போ வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் உங்கள் பணம் எப்போது தேவைப்படும் என்று பாருங்கள்.

2024 செப்டம்பர் 27 அன்று 26,277 வரை ஏறிய நிஃப்டி, 2025 ஏப்ரல் 7 அன்று 21,750-க்கும் கீழே போனது. மே மாதமே மீண்டும் 25,000-ஐத் தாண்டியது. ஏப்ரலில் பயந்து விற்றவர்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. அவசரத் தேவைக்காக விற்க வேண்டி வந்தவர்கள் நிலைமை இன்னும் பாவம்.

அதனால் வரும் ஜூனில் கட்ட வேண்டிய பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, அடுத்த வருடக் கல்யாணச் செலவோ பங்குகளில் இருந்தால், சந்தை ஓரளவு நன்றாக இருக்கும்போதே எடுத்து வங்கி எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டுவிடுங்கள். மொத்தமாக வேண்டாம், மூன்று நான்கு தவணையாக எடுக்கலாம். பத்து வருடத்துக்கான எஸ்ஐபியை (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் தொகை) மட்டும் நிறுத்தாதீர்கள். விலை இறங்கும் மாதங்களில்தான் அதில் அதிக யூனிட் சேரும்.

எஃப் அண்ட் ஓ (விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் போல நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகம்) பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.

விற்கும்போது வரியையும் கவனியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளில் நிதியாண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். மார்ச் 31-க்கு முன் பாதி, ஏப்ரலில் மீதி என்று விற்றால் இரண்டு வருடச் சலுகையும் கிடைக்கும்.