'ஜெபக்குறிப்பு' என்று தொடங்கும் புறணி: சிறு பாவங்களில் நாம் செய்யும் தவறுகள்

உன்னதப்பாட்டில் வரும் சிறு நரிகளைப் பற்றிய வசனம் சபையில் பாதிப் பேருக்கு மனப்பாடம். திராட்சத்தோட்டத்தைக் கெடுக்கிற அந்த நரிகளைப் பிடியுங்கள் என்ற பிரசங்கத்துக்கு 'ஆமென்' சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவோம். வாசலில் கடன் கொடுத்தவர் நிற்பார். "அப்பா ஊரில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்புவோம். விபசாரம், களவு என்றால் நமக்கே உடம்பு நடுங்கும். உபவாசம் இருப்போம், போதகரைத் தேடி ஓடுவோம். சின்னப் பாவத்துக்காக யாரும் அழுவதில்லை. அதனால் அது மன்னிப்பு கேட்கப்படாமலே வருஷக்கணக்கில் வீட்டில் குடியிருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கும் தவறுகளில் சிலவற்றை இங்கே சொல்கிறேன். பெரும்பாலானவை என்னிடம் இருந்தவை.

பெயரை மாற்றிவிடுவது

கோபக்காரர் "படபடவென்று பேசிவிடுவேன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்பார். கஞ்சத்தனம் சிக்கனமாகிவிடும். பொறாமை, நியாயம் கேட்பதாகிவிடும். இவற்றில் மிகத் தேர்ந்தது புறங்கூறுதலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்: ஜெபக்குறிப்பு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தில் கணவன் மனைவிக்குள் சமாதானம் இல்லை, பாரத்தோடு ஜெபியுங்கள் என்று சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வேப்பமரம் நிற்கிற வீடு என்று சொன்னேன். எங்கள் தெருவில் வேப்பமரம் ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஜெபித்தார்களோ, செய்தி மட்டும் தெரு முழுக்கப் போயிருந்தது. அன்றிரவு நானும் அவர்களுக்காக ஜெபிக்கவில்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒருவரைப் பற்றிக் கூட்டத்தில் சொல்வதற்கு முன், ஒரு வாரம் தனியே அவருக்காக ஜெபிப்பது. பாதிக் குறிப்புகள் அதற்குப் பிறகு வாய்க்கு வருவதில்லை.

"முழுப் பொய் இல்லையே" என்று தேறிக்கொள்வது

ஆபிரகாம் எகிப்துக்குப் போனபோது, மனைவியின் அழகுக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, அவளைச் சகோதரி என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார் (ஆதியாகமம் 12). பிற்பாடு கேராரிலும் அதே சொல் (ஆதியாகமம் 20). அபிமெலேக்கு ராஜா அவரை நிறுத்திக் கேட்டபோது, சாராள் தன் தகப்பனுக்கு வேறொரு தாயிடம் பிறந்த மகள்தான் என்று விளக்குகிறார். உண்மைதான். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் வெளியே வருகிறது: தகப்பன் வீட்டைவிட்டுக் கிளம்பியபோதே, போகும் இடமெல்லாம் இப்படிச் சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் பேசிவைத்திருந்தாராம். ஆபத்தில் நாக்குத் தவறிய சொல் என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. பயணச் சாமான்களோடு கட்டி எடுத்துவந்த பொய் இது. அந்தப் பயணத்தைத்தான் விசுவாசத்தினாலே புறப்பட்ட பயணம் என்று எபிரெயர் நிருபம் புகழ்கிறது. விசுவாசமும் மூட்டைக்குள் பொய்யும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன.

26-ஆம் அதிகாரத்தில் மகன் ஈசாக்கு வருகிறார். அதே கேரார், அதே பயம், "இவள் என் சகோதரி" என்ற அதே வார்த்தை. ரெபெக்காளோ ஆபிரகாமின் சகோதரனான நாகோரின் பேத்தி. தகப்பன் சொன்னதில் பாதியாவது உண்மை இருந்தது. மகன் சொன்னதில் அந்தப் பாதியும் இல்லை. வாசலில் "அப்பா ஊரில் இல்லை" என்று சொல்லப் பழகிய பிள்ளை பிற்பாடு நம்மிடமே பொய் சொன்னால், எங்கே கற்றான் என்று திகைப்போம்.

அளவை மட்டும் பார்ப்பது

பழங்காலத் திருச்சபையின் பிஷப் அகஸ்டின் தன் தாய் மோனிக்காவின் சிறுவயதுச் சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். பீப்பாயிலிருந்து திராட்சரசம் மொண்டுவர வீட்டார் அவளை அனுப்புவார்கள். குடியாசை இல்லை, குறும்பில் உதட்டு நுனியை நனைத்துக்கொள்வாள். நாளுக்கு நாள் கொஞ்சம் கூடி, ஏறக்குறைய நிறைகிண்ணமாகக் குடிக்கும் வழக்கமாகிவிட்டது. கண்டிப்பான பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. கூடப் போகிற வேலைக்காரப் பெண் ஒரு நாள் சண்டையில் "குடிகாரி" என்று திட்டினாள். அத்தோடு பழக்கம் நின்றது. அவளைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்கு இல்லை, குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் அதுவரை குறும்பாக இருந்ததற்கு முதல் தடவையாகச் சரியான பெயர் கிடைத்தது. 'தினைத்துணையாம் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணுவார்' என்ற குறளை நான் இந்தச் சம்பவத்தோடு சேர்த்தே நினைப்பது வழக்கம்.

ஊழியத்தைக் காட்டிக் கணக்கை நேர் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களிடம் இயேசு பேசியது மத்தேயு 23-இல் இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிற்பாடு இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களில் எதையோ அறிக்கையிடாமல் விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் தீராமல், உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குப் போனார். அப்படி வதைபடுகிறவர்கள் இன்னும் நுணுக்கமாகத் தங்களையே தோண்டக் கூடாது. பக்குவமான ஒருவரிடம் மனதைத் திறந்து பேசுவதே அவர்களுக்கு வேண்டியது.

மொத்தமாக அறிக்கையிடுவது

"அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்ற ஒரே வரியில் தினமும் படுக்கைக்குப் போனால், எந்தப் பாவத்தின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது. இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு அப்படிப் பேசவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று தொகையோடு சொன்னான். தானாக அறிக்கையிடுகிறவனிடம் மோசேயின் நியாயப்பிரமாணம் முதலோடு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாகக் கேட்டது (எண்ணாகமம் 5:7).

வேப்பமர வீட்டுக்கு நான் போக இரண்டு மாதம் ஆயிற்று. "ஏதாவது மனம் புண்பட்டிருந்தால்..." என்று தொடங்கினேன். அதுவும் மொத்த அறிக்கைதான் என்று எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டு, அன்று கூட்டத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வேப்பமரத்தையும் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

சொன்னேன் என்றேன்.