லோட்வாருக்குப் போகிறீர்களா? முதல் நாளை இப்படிக் கடத்துங்கள்

ஆப்பிரிக்காவில் எட்டாக்கை ஊர் என்றதும் சிங்கம், யானை, பச்சைப் புல்வெளி என்று மனதில் ஒரு படம் ஓடும். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கென்யாவின் வடமேற்கு மூலையில், துர்கானா மாவட்டத்தின் தலைநகரான லோட்வாரில் நான் இறங்கியதும் முதலில் பார்த்தது சீமைக்கருவேலம். ஆமாம், ராமநாதபுரம் பக்கம் கண்மாயெல்லாம் நிற்கிற அதே முள். அங்கே மதெங்கே என்கிறார்கள். நம்மூரைப் போலவே வறண்ட நிலத்துக்கு நல்லது என்று நட்டு, நம்மூரைப் போலவே அது ஆற்றங்கரையை வளைத்துக்கொண்டு, கடைசியில் வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கிறார்கள். அத்தனை தூரம் போய் இதைப் பார்க்கவா என்று சிரிப்புதான் வந்தது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள் (சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்). அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் இறங்கும்போது தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதிதான். பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பேக் திணிக்காதீர்கள், 2017லிருந்தே அங்கே தடை.

நைரோபியிலிருந்து சிறிய விமானம் இருக்கிறது. தரைவழி என்றால் மேற்குக் கென்ய நகரமான கிடாலேயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். வழியில் கைனுக் பக்கம் ஆடு மாடு கொள்ளையால் சண்டை வருவதுண்டு, அதனால் கிடாலேயிலேயே நிலவரம் விசாரித்துவிட்டுப் பகலில் மட்டும் போங்கள்.

அறை எடுக்கும்போது மின்விசிறி சுற்றுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கொசுவலையில் ஓட்டை இல்லையா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2013இல் மாவட்ட அரசு வந்த பிறகு அதிகாரிகளும், 1992லிருந்து இருக்கிற ககுமா அகதிகள் முகாமுக்கு வெள்ளை ஜீப்பில் போகிற உதவி நிறுவனக்காரர்களும் இந்த ஊரில் தங்குவதால், ஊரின் தோற்றத்தைப் பார்த்து மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மதியம் 35 டிகிரிக்கு மேல் போகும், புழுதிக் காற்று வேறு. 12 மணிக்கு மேல் வெளியே சுற்றி வீரம் காட்டாமல் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், ஊரும் அதைத்தான் செய்கிறது. சாப்பாடு நமக்குப் பழக்கமானதுதான்: வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி, அதாவது களி, கூடவே சுகுமா விக்கி என்கிற கீரைப் பொரியல். பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருளாம், கையில் காசில்லாத வாரத்தையும் தள்ளிவிடலாம் என்று. சப்பாத்தி, பீன்ஸ், பால் சேர்த்த டீ எல்லாம் கிடைக்கும். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருவுக்கு நடங்கள். கழுத்தை மூடி அடுக்கடுக்காகப் பாசிமணி அணிந்த பெண்கள், டயர் செருப்பும் கையில் எகிசோலோங்கும் வைத்திருக்கிற ஆண்கள். எகிசோலோங் என்பது ஒரு சின்ன மர முக்காலி, உட்காரவும் ஆகும், படுத்தால் தலைக்கு வைக்கவும் ஆகும். உடனே போனைத் தூக்கிவிடாதீர்கள். முதலில் கை குலுக்கி "எஜோக்கா" என்று சொல்லுங்கள், நலமா என்று கேட்பது அது. "எஜோக் நோய்" என்று பதில் வந்தால் பதற வேண்டாம், நோய் என்றால் அவர்கள் பேச்சில் 'மிகவும்' என்று அர்த்தம், மிக நலமாம்! பேச்சு ஓடின பிறகு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், காசு கேட்டால் தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்து "முஹிந்தி" என்று கத்துவார்கள், இந்தியர் என்று பொருள், வசவு இல்லை. (ஆசிய வம்சாவளிக் கென்யர்களை 2017இல் அந்நாட்டு அரசு 44ஆவது இனமாகவே அறிவித்துவிட்டது.)

பணத்துக்கு, பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி எம்-பெசா போட்டுக்கொள்ளுங்கள். நம்மிடம் ஜிபே வருவதற்குப் பல வருடம் முன்பே, 2007லிருந்து, அவர்கள் பட்டன் போனில் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தக்காளி விற்கிற அம்மாகூட வாங்கிக்கொள்வார்.

ஆறு காய்ந்து கிடக்கிறது, மணலில் உட்கார்ந்து காற்று வாங்கலாம் என்று இறங்காதீர்கள். மேலே மலையில் பெய்கிற மழை, லோட்வாரில் ஒரு துளி விழாமலே வெள்ளமாக வந்து சேரும்.

நான் பட்ட பெரிய அவஸ்தை நேரக் கணக்கில். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன், டிக்கெட் கொடுத்த பையன் "சா மோஜா" என்றான். மோஜா என்றால் ஒன்று என்று கற்று வைத்திருந்த மிதப்பில், மறுநாள் மதியம் 12:30க்கே மூட்டையோடு போய் நின்றேன். பஸ் காலை 7 மணிக்கே போய்விட்டது. கென்யாவின் பொது மொழியான சுவாஹிலியில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப் போல. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், அந்தக் கணக்கு அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. எனவே யார் நேரம் சொன்னாலும் ஆங்கிலக் கணக்கா, சுவாஹிலிக் கணக்கா என்று கேளுங்கள், இல்லையென்றால் சொன்ன எண்ணோடு ஆறைக் கூட்டுங்கள்.

அப்புறம் துர்கானா ஏரி. உலகின் மிகப் பெரிய பாலைவன ஏரி, ஆனால் ஊரிலிருந்து தெரியாது, கிழக்கே 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஏரிக்கரையில் இருக்கிற எலியே ஸ்பிரிங்ஸ் போகிற வழி மணல், சாதாரண கார் புதைந்துவிடும், ஜீப் பேசுங்கள். ஏரியில் முதலைகள் இருக்கின்றன, உள்ளூர்க்காரர் குளிக்கிற இடம் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். வெயிலுக்கு முன் போய்ச் சேர விடிந்ததும் 6 மணிக்குக் கிளம்புவது நல்லது. டிரைவரிடம் 'பன்னிரண்டு மணிக்கு வந்துவிடு' என்று சொல்லுங்கள், சரியாக வந்துவிடுவார்.