திருகோணமலையில் பிள்ளைகளோடு தூண்டில் போடப் போகிறீர்களா?

முதல் புத்தி: மீன் பிடிக்கப் போகும் நாளைச் சொந்தக்காரர் எவருக்கும் சொல்லாதீர்கள்.

டிசம்பர் லீவில் வருகிறவர்கள் தூண்டில் ஆசையை விட்டுவிடலாம், அது வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் கிழக்குக் கரை பிள்ளைகளுக்குச் சரி. சிறுசுகளுக்கு உள்துறைமுகப் பக்கம் நல்லது, அங்கே அலை குறைவு. புறாமலைத் தீவு ஒரு தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலை எடுக்கவே வேண்டாம். ரீல், கம்பு என்று சுமந்து வராதீர்கள், நான் சுமந்தேன். தங்கூசியும் (நைலோன் நூல்) கொக்கியும் ஈயமும் போதும், அப்பா எனக்குக் கற்றுத் தந்ததும் அதுதான்.

விடிய எழும்பி இறால் வாங்கி வேனில் ஏறும்போது சித்தப்பா வந்தார். "ஒரு கையெழுத்துத்தான் தம்பி, அரை மணித்தியாலம்." அப்பாவின் காணி விஷயம். சரி, போகிற வழிதானே என்று நினைத்தேன். உறுதி எழுதும் நொத்தாரிசு பத்து மணிக்குத்தான் வந்தார். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் பின்னால், பிறப்புச் சான்றிதழில் முன்னால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று அவருக்குச் சந்தேகம். சத்தியக்கடதாசி வேண்டுமாம். அதற்கு ஒரு சமாதான நீதவானைத் தேடிப் போனோம், அவர் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் இரண்டு சாட்சிகளில் ஒருவர் சாப்பிடப் போய்விட்டார். பிறகு போட்டோ கொப்பி, பிறகு கரண்ட் இல்லை. பிள்ளைகள் ரோட்டில் திரிகிற மான்களை எண்ணி எண்ணிச் சலித்துப் போனார்கள். வேனுக்குள் இறால் வெயிலில் அவிந்து நாறியது. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஆட்களுக்கு முன்னால் சித்தப்பாவிடம் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கப் போனார். நான் 1990இல் வெளிநாடு போன பிறகு அந்தக் காணிக்கு வேலி அடைத்ததும், ஒவ்வொரு முறையும் இடம்பெயர்ந்து திரும்பி வந்து மறுபடி அடைத்ததும் இந்த மனிசன்தான்.

காணி அலுவல் இருந்தால் நீங்கள் இருக்கும் நாட்டு இலங்கைத் தூதரகத்திலேயே, ஊரில் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்தில் கையெழுத்துப் போட்டு அத்தாட்சிப்படுத்தி அனுப்பிவிடுங்கள். எனக்கு அது முன்பே தெரியும். சித்தப்பா இரண்டு வருடமாக டெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தார், நான்தான் பார்ப்போம் பார்ப்போம் என்றேன்.

பொழுது சாயக் கரைக்குப் போனோம். சித்தப்பாவும் வாளியோடு வந்தார். என் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார், பிறகு பல்லால் தங்கூசியைக் கடித்து மகளுக்குக் கொக்கி கட்டிக் கொடுத்தார். நாறின இறாலுக்குக் கெளிறு மீன் வரும் என்றார், வந்தது. இங்கே கவனம்: கெளிற்றைப் பிள்ளைகளைக் கழற்ற விடாதீர்கள், முதுகிலும் செட்டையிலும் உள்ள முள் குத்தினால் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் சுடுநீரில் கையை வைத்திருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓரா மீனின் முள்ளும் அப்படித்தான். பேத்தை மீன் ஊதிப் பெருப்பதைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கட்டும், ஆனால் சட்டிக்குப் போகக்கூடாது, அது நஞ்சு.

இறால் நாற்றம் போகக் கழுவ வேண்டுமென்று வேன்காரர் தனியாகக் காசு கேட்டார். சித்தப்பா பேரம் பேச இறங்கினார். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், அதற்கும் அவருக்குக் கோபம்.