கெபியில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்: கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைப் படமெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் ஊரை ஒட்டி இருக்கிறது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். கேமராவோடு உள்ளே போகும் எவரும் முதல் பத்து நிமிடத்தில் எடுப்பது ஒரே படம்தான்: மெயின் பில்டிங்கின் தங்கக் குவிமாடம், உச்சியில் மாதா சொரூபம், பின்னால் நீல வானம். எடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஒரு படத்திலேயே மூன்று தவறுகள் நடந்துவிடும்.

முதலாவது, வெளிச்சம். வெயில் பட்ட தங்கத் தகட்டில் சிவப்பு நிறம்தான் முதலில் வெந்துபோகும். பின்திரையில் படம் நன்றாகவே தெரியும், வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தங்கம் வெறும் மஞ்சள் பெயின்ட் மாதிரி இருக்கும். கேமராவில் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். வெளிச்சத்தை அரை ஸ்டாப், தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் (பாதி அளவு) குறைத்து எடுங்கள். பொறுமை இருந்தால் சாயங்காலம் செயின்ட் மேரிஸ் ஏரியின் மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், குவிமாடமும் கோவில் கோபுரமும் ஒன்றாகத் தெரியும்.

இரண்டாவது, படத்துக்குக் கீழே எழுதும் வரி. ‘1842இல் கட்டப்பட்ட கட்டடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். 1842 என்பது எட்வர்ட் சொரின் என்ற பிரெஞ்சுக் குரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய ஆண்டு. பழைய மெயின் பில்டிங் 1879 ஏப்ரலில் தீயில் அழிந்துபோனது. இப்போது நிற்பது அதே ஆண்டில், சில மாதங்களுக்குள் எழுப்பியது.

மூன்றாவது தவறை நம்மூர் ஆட்கள் அதிகம் செய்வார்கள். படிக்கும் பிள்ளையை அந்தக் கட்டடத்தின் முன்படிகளில் ஏறி நிற்கச் சொல்வார்கள். பட்டம் வாங்கும் முன் அந்தப் படிகளில் ஏறக் கூடாது என்பது அங்கே காலங்காலமாக மாணவர்கள் காக்கும் வழக்கம். சிரித்துக்கொண்டே மறுப்பார்கள், அல்லது உங்களுக்காக ஏறிவிட்டுச் சங்கடத்தோடு நிற்பார்கள். அந்தச் சங்கடம் முகத்தில் அப்படியே விழும். படிக்குக் கீழே நிற்க வையுங்கள். பட்டமளிப்பு நாளில் அதே ஆள் அதே படியில் ஏறும்போது இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு வருடக் கதை அதில் வந்துவிடும்.

சரி, வளாகத்தின் திரு இருதய ஆலயத்துக்குள் போவோம். சொதப்பல்கள் அதிகம் நடப்பது அங்கேதான்.

என் கதையையே சொல்கிறேன். சின்ன வயதில் பூசையில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்தவன் நான், பூசையின் ஒவ்வொரு அசைவும் மனப்பாடம். இருந்தும், முதன்முதலில் காசு வாங்கிக்கொண்டு ஒரு திருமணப் பூசையை எடுக்கப் போனபோது, குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது ஃபிளாஷ் அடித்தேன். மணி அடித்து ஓய்ந்த அமைதியில் பளீரென்று ஒரு வெளிச்சம். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, தலையை லேசாகத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கேமரா கையில் வந்ததும் முழங்காலிட வேண்டிய நேரம் மறந்துபோயிருந்தது எனக்கு.

எனவே ஃபிளாஷைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், எப்போது நடக்கலாம், எப்போது நடக்கக் கூடாது என்பது. வருகைப் பாடல், காணிக்கைப் பவனி, முடிவுப் பாடல் இந்த மூன்றும் இடம் மாறுவதற்கான நேரம். வாசகம், நற்செய்தி, நற்கருணை மன்றாட்டு நடக்கும்போது தூண் ஓரத்தில் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். தூரத்திலிருந்தே நெருக்கமாக எடுக்கும் 70-200 லென்ஸ் இதற்குத்தான். பூசைக்கு அரை மணி நேரம் முன்பே போய், குருவிடமோ கோவில் பொறுப்பாளரிடமோ எங்கே நிற்கலாம் என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லாமல் பீடப் பகுதிக்குள் கால் வைக்காதீர்கள்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை நம்பியும் பலர் ஏமாந்திருக்கிறார்கள். எல்.ஈ.டி. விளக்கின் கீழே அது படத்தில் வரிவரியாகக் கோடு போட்டுவிடும். பூசைக்கு முன்பே ஒன்றிரண்டு எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நன்மை (நற்கருணை) வாங்க நாக்கை நீட்டும் முகத்தை நேருக்கு நேர் எடுக்காதீர்கள், பார்க்க யாருக்கும் அழகாக இருக்காது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருக்கும் வரிசையை எடுக்கவே வேண்டாம், முதுகுப்பக்கமாகக்கூட. பூசையில் படமெடுப்பதைப் பற்றி போப் பிரான்சிஸ் 2017இல் கொஞ்சம் கோபமாகவே பேசினார்: பூசையில் குரு ‘இதயங்களை மேலே எழுப்புங்கள்’ என்றுதான் சொல்கிறார், செல்போனை எழுப்பச் சொல்லவில்லை என்று. செல்போன் தூக்கியவர்களில் குருக்களும் ஆயர்களும் உண்டு என்பதுதான் அவருடைய வருத்தம்.

இங்கே பெயர்ப் பிழைகளும் வரும். அந்தத் திரு இருதய ஆலயம் பசிலிக்கா, அதாவது போப் சிறப்புத் தகுதி கொடுத்த கோவில். ஆயரின் தலைமைக் கோவிலான கதீட்ரல் அல்ல. மறைமாவட்டத்தின் கதீட்ரல் ஃபோர்ட் வெய்ன் நகரில் இருக்கிறது. இன்னொன்று, கத்தோலிக்கக் கல்லூரி என்றதும் நமக்குச் சேசு சபையின் லயோலாவும் திருச்சி செயின்ட் ஜோசப்ஸும் நினைவுக்கு வருவதால், அங்கே பார்க்கும் குருவை எல்லாம் சேசு சபையினர் என்று எழுதிவிடுவோம். நோட்டர் டேமை நிறுவியது திருச்சிலுவைச் சபை. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியை நடத்தும் சகோதரிகளோடும் இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள், பெயர்தான் ஒன்று போல, சபை வேறு.

கோவிலுக்குப் பின்புறம் சரிவில் இறங்கினால் லூர்து மாதா கெபி, அதாவது குகை வடிவ வழிபாட்டிடம். 1896இல் கட்டியது, பிரான்சில் உள்ள லூர்து குகையின் ஏழில் ஒரு பங்கு அளவு. எந்த நேரமும் மெழுகுதிரி எரியும், தேர்வுக்கு முந்தைய இரவுகளில் கூட்டம் அதிகம். நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ வைட் பேலன்ஸ் இங்கே பெரிய துரோகி. திரி வெளிச்சத்தின் ஆரஞ்சு நிறத்தைக் குறை என்று நினைத்து வெளுத்துவிடும், கெபி ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆகிவிடும். டேலைட் அமைப்பில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அப்புறம், அங்கே முழங்காலில் இருப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. தேர்வுக்காக இருக்கலாம், அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகவும் இருக்கலாம். முகத்துக்கு முன்னால் போகாமல் பின்னாலிருந்து எடுங்கள். திரிகளின் வெளிச்சத்தில் தோளின் விளிம்பு மட்டும் தெரியும், அது போதும். முகம் வேண்டுமென்றால் அவர் எழுந்து வந்த பிறகு கேளுங்கள். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வகுப்புக்குப் போகிறவர்களிடமும் அப்படியே கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், எல்லாரும் அல்ல. கண்ணில் பட்டவரைப் பிடித்து ‘கொஞ்சம் கைகூப்புங்களேன்’ என்று போஸ் கொடுக்கச் சொல்வது பொய்ப் படம்.

நூலகச் சுவரில் 134 அடி உயரச் சித்திரம் ஒன்று உண்டு. கால்பந்து மைதானத்தைப் பார்த்தபடி கிறிஸ்து இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் நடுவர் டச் டவுனுக்குக் காட்டும் சைகை அதே மாதிரி இருப்பதால் ‘டச் டவுன் ஜீசஸ்’ என்று செல்லப் பெயர். எல்லாரும் அந்தக் கேலியை மட்டும் படமாக்கிவிட்டுப் போகிறார்கள். கீழே காலங்காலமான அறிஞர்கள் வரிசையாக நிற்பதால்தான் அது நூலகச் சுவருக்கு வந்தது. அவர்களை வெட்டிவிட்டால் படத்தில் எஞ்சுவது கேலி மட்டும். (மேட்ச் நாளில் டிரோன் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அத்தனை பெரிய மைதானத்தின் மேல் ஆட்டத்தின்போதும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் பறக்கவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.)

பெங்கால் பௌட்ஸ் என்ற மாணவர் குத்துச்சண்டையிலும் இதே பிழைதான். வியர்வையும் குத்தும் பறக்கும் படங்களாக வந்து குவியும். போட்டியில் திரளும் பணம் வங்கதேசத்தில் திருச்சிலுவைச் சபை செய்யும் பணிக்குப் போகிறது, பெயரில் பெங்கால் வந்ததே அதனால்தான். டிக்கெட் விற்கும் பையன்களையும் எடுங்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று வளாகத்துக்குள் எடுத்ததே அல்ல. 1964 ஜூனில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் நடந்த குடிமை உரிமைக் கூட்டத்தில், அப்போதைய தலைவர் தந்தை ஹெஸ்பர்க் மார்ட்டின் லூதர் கிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். குவிமாடத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருப்பவருக்கு இப்படி ஒன்று கிடைக்காது.

அன்றாடப் பக்தியைத் தேடுகிறீர்கள் என்றால் ஹாஸ்டல்களுக்குப் போங்கள். ஒவ்வொரு ஹாஸ்டலுக்குள்ளும் ஒரு சிற்றாலயம் உண்டு, ஞாயிறு பூசை பெரும்பாலும் இரவில்தான். ஹூடியும் செருப்புமாக வந்து தரையில்கூட உட்கார்வார்கள். சின்ன இடம், நீங்கள் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. அனுமதி வாங்கிக்கொண்டு முதல் இரண்டு வாரம் கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள். மூன்றாவது வாரம் ஒரே ஒரு 35 எம்.எம். லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200 போதும். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டு அறையே குலையும், அப்போது எழுந்து நில்லுங்கள். உங்களிடமும் யாராவது கை நீட்டுவார்கள், கேமராவை இறக்கிவிட்டுக் கைகொடுத்த பிறகு எடுங்கள்.