கோலமாவில் ஒரு ஜீப்ரா கிராசிங்: சின்னப் பிள்ளைகளுக்குச் சாலை கடக்கக் கற்றுக்கொடுக்க

"ஓடாதே, வண்டி வரும்!" என்று ஆயிரம் தடவை கத்தினாலும் அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அது வெறும் சத்தம்தான். என் மகளுக்கு விஷயம் புரிந்தது மொட்டை மாடியில். தேவையானவை: கோலமாவு, சிவப்பு, பச்சை அட்டைகள், ஒரு குட்டி சைக்கிள்.

1. முதலில் கோலமாவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுங்கள். நடுவில் வேண்டுமென்றே கோட்டை மிதித்துவிட்டு, "நான் அவுட்டே இல்லை" என்று சாதியுங்கள். பிள்ளை சண்டைக்கு வரும். விடாதீர்கள், அந்தக் கோபம்தான் பாடம். கோட்டை எல்லாரும் மதித்தால்தான் ஆட்டம் நடக்கும். சாலையும் அப்படித்தான் என்று அப்போது சொல்லுங்கள். "போலீஸ் பிடிச்சிடும்" என்று மட்டும் மிரட்ட வேண்டாம். போலீஸ் இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

2. அதே மாவில் ஜீப்ரா கோடுகள் போடுங்கள். நீங்கள் அட்டையைக் காட்ட, பிள்ளை நிற்கட்டும், கடக்கட்டும். பிறகு நீங்கள் கடங்கள், பிள்ளை சைக்கிளில் வரட்டும். வண்டி ஓட்டுகிறவர் பாடு அப்போதுதான் தெரியும்.

3. பார்க்கும் வரிசை: வலது, இடது, மறுபடி வலது. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகப் போவதால், ஓரத்தில் நிற்கும் நம்மை முதலில் நெருங்குவது வலப்பக்கத்து வண்டி. வலது, இடது குழம்பினால் "சாப்பிடுற கைப் பக்கம்" என்று சொல்லுங்கள். ஒருவழிப் பாதையிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஏன் என்று நம் ஊர் பைக்காரர்களைக் கேளுங்கள்!

4. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் தாண்டிவிடும். ஓட்டுகிறவர் நம்மைப் பார்த்து பிரேக்கை மிதிப்பதற்கே அவ்வளவு தூரம் போய்விடும். அந்த 11 மீட்டரைப் பிள்ளையை நடந்து எண்ணச் சொல்லுங்கள். எங்கள் மாடி போதாமல் தெருவுக்கு இறங்கினோம்.

5. இனி நிஜத் தெரு. நிறுத்தியிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், சாலையே தெரியாது. அதனால் நின்ற வண்டிகளுக்கு நடுவில் புகுந்து கடக்கக் கூடாது. விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகளுக்கு எதிர்முகமாக, வலது ஓரமாக நடக்க வேண்டும், பிள்ளை வண்டிகள் போகாத உள்பக்கம்.

6. சில நாள் கழித்து, "இப்போ போகலாமா?" என்று நீங்கள் கேளுங்கள், முடிவைப் பிள்ளை சொல்லட்டும். கையை மட்டும் விடாதீர்கள். வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் அந்த வயசில் வராது.

7. இது நமக்கு. நாலு வயசு தாண்டிய பிள்ளை பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் கட்டாயம்; "பக்கத்துக் கடைதானே" என்பதெல்லாம் செல்லாது. போன வாரம் சிவப்பு விளக்கு, காலிச் சாலை, அவசரத்தில் ஒரு கால் வைத்துவிட்டேன். "அம்மா, நீ அவுட்டு!" என்றாள். அப்படி மாட்டிக்கொண்டால் சமாளிக்காதீர்கள். பின்வாங்கி வந்து பச்சை விழும்வரை நில்லுங்கள்.